குமிழியின் ஓரத்துப் பிள்ளை நட்சத்திரங்கள்: பெரியதுதான் பிறப்பித்ததா என்று சோதிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

ராட்சத நட்சத்திரம் ஒன்று தன்னைச் சுற்றியுள்ள வாயுவைச் சுட்டுச் சூடாக்கி, அதில் ஒரு குமிழியை ஊதிவிடுகிறது. குமிழியின் ஓரம் நெடுக இளம் நட்சத்திரங்கள் நிற்கின்றன. படத்தைப் பார்த்த கையோடு "பெரியதுதான் இந்தச் சின்னதுகளைப் பிறக்க வைத்தது" என்று சொல்லிவிடத் தோன்றும். சில இடங்களில் அது உண்மை. வேறு சில இடங்களில் காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதை. எது எது என்று பிரிப்பதற்குப் படம் மட்டும் போதாது, நேரக் கணக்கும் வேண்டும். குமிழிக்கு என்ன வயது, ஓரத்தில் நிற்பவற்றுக்கு என்ன வயது என்ற இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லக்கூடாது.

திருகோணமலையில் உயர்தரத்துக்குப் பௌதிகவியல் படிக்கிற பிள்ளைகளையும், இரவில் கடற்கரையில் நின்று மேலே பார்க்கிற பழக்கமுள்ள பெரியவர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன். இணையம் உள்ள ஒரு போன், கணக்கெழுத ஒரு கொப்பி, முடிந்தால் ஒரு பைனாகுலர். இவ்வளவும் போதும்.

படி 1: குமிழி எப்படி உருவாகிறது என்று பிடித்துக்கொள்ளுங்கள்

ஐதரசன் அணுவில் இருந்து இலத்திரனைக் கழற்ற (இதற்குத்தான் அயனாக்கம் என்று பெயர்) 13.6 இலத்திரன்வோல்ற்று சக்தி வேண்டும். ஒளியாகச் சொன்னால் 91.2 நனோமீற்றருக்கும் குறைந்த அலைநீளம், அதாவது கடும் புறஊதாக் கதிர். நமது சூரியனின் மேற்பரப்பு ஏறத்தாழ 5,800 கெல்வின்தான். அந்த வகை ஒளி அதனிடம் பேருக்குத்தான் உண்டு. மேற்பரப்பு 30,000 கெல்வினைத் தாண்டும் ஓ வகை நட்சத்திரங்களின் சங்கதி வேறு. அவற்றில் பலமான ஒன்று, ஒரு செக்கனில் 1க்குப் பின்னால் 49 பூச்சியம் போட்ட அளவில் இப்படியான போட்டன்களைக் கொட்டும்.

அப்படியானால் அது எதிரில் உள்ள வாயு முகில் முழுவதையும் உடைத்துக்கொண்டே போகவேண்டுமே, எங்கே நிற்கும்? இந்தக் கேள்விக்கு 1939இல் டென்மார்க் வானியலாளர் பெங்ற் ஸ்ட்ரோம்கிரென் விடை கண்டார். கழன்ற இலத்திரன் சும்மா இருக்காது, திரும்பவும் ஒரு புரோத்தனுடன் போய்ச் சேரும். சேர்ந்த அணுவை மறுபடி உடைக்க இன்னொரு போட்டன் செலவாகும். வாயு எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு வேகமாக மீள்சேர்க்கை நடக்கும். நட்சத்திரத்தின் போட்டன் எல்லாம் இந்த உடைத்தல், சேர்தலிலேயே தீர்ந்துவிடும் தூரத்தில் எல்லை விழுகிறது. மேலே சொன்ன நட்சத்திரத்தைச் சுற்றி ஒரு கன சென்டிமீற்றருக்கு 1,000 அணு இருந்தால் அந்த ஆரை சுமார் 2 ஒளியாண்டு. 100 அணுதான் என்றால் சுமார் 10 ஒளியாண்டு.

இது தொடக்கம் மட்டுமே. எல்லைக்கு உள்ளே 10,000 கெல்வின், வெளியே 10, 20 கெல்வின். உள்ளே இருந்த ஒவ்வொரு ஐதரசன் மூலக்கூறும் இப்போது இரண்டு புரோத்தன், இரண்டு இலத்திரன் என்று நான்கு துணிக்கையாகிவிட்டது. வெப்பநிலை ஆயிரம் மடங்கு, துணிக்கை நான்கு மடங்கு. அமுக்கம் ஆயிரக்கணக்கான மடங்கு கூடிவிடும். குமிழி வீங்காமல் என்ன செய்யும்? உள்ளே ஒலியின் வேகம் செக்கனுக்கு 10 கிலோமீற்றர் அளவில். வெளியே உள்ள குளிர்ந்த முகிலில் அது 0.2 கிலோமீற்றர்தான். ஆகவே குமிழி தள்ளும் வேகம் வெளி வாயுவுக்குத் தாங்காது. விலகிப்போக நேரமில்லாமல் அது அதிர்ச்சி அலையில் அகப்பட்டு நெரிந்து ஓர் ஓடாகிவிடுகிறது. நமக்கு வேண்டியது இந்த ஓடுதான்.

படி 2: ஒன்றையாவது சொந்தக் கண்ணால் பாருங்கள்

இதைத் தவிர்த்துவிட்டு நேரே கணக்குக்குப் போகலாம், தப்பில்லை. ஆனாலும் பார்த்தவர் கணக்கை விடமாட்டார் என்பது என் எண்ணம்.

திருகோணமலைக்கு இரண்டு பருவம் வாய்த்திருக்கிறது. ஐப்பசியில் தொடங்கும் வாடைக்கால மழை தைக்குள் அநேகமாகத் தணிந்துவிடும். மாசியில் முன்னிரவு எட்டு மணியளவில் ஓரியன் நட்சத்திரக் கூட்டம் கிட்டத்தட்ட உச்சியில் நிற்கும். திருவாதிரை என்று நாம் சொல்லும் சிவந்த நட்சத்திரம் அதன் தோள். அதற்குத் தெற்கே வரிசையாக மூன்று. அந்த மூன்றுக்குக் கீழே மங்கலாகத் தொங்கும் புகைப்பொட்டுத்தான் ஓரியன் நெபுலா, அதாவது ஒளிரும் வாயு முகில். தூரம் சுமார் 1,350 ஒளியாண்டு. அதை ஒளிரவைப்பது நடுவில் உள்ள நால்வர் கூட்டத்தில் முக்கியமாக ஒரே ஒரு ஓ வகை நட்சத்திரம்.

ஆனி, ஆடி, ஆவணி அடுத்த பருவம். கொழும்புப் பக்கம் மழை பெய்துகொண்டிருக்கும்போது நமக்குக் கச்சான் காற்றும் தெளிந்த வானமும். அப்போது தெற்கே விருச்சிகமும் தனுசும். தனுசில் லகூன் நெபுலா நல்ல இருட்டில் வெறுங்கண்ணுக்கே தெரியும். சித்திரை, வைகாசி முன்னிரவுகளில் இன்னொன்றும் உண்டு. தெற்கு அடிவானத்துக்கு மேல் 21 பாகை உயரத்தில் கரினா நெபுலா. ஐரோப்பாவில் இருப்பவர்கள் இதைப் பார்க்கவே முடியாது; நாம் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு பார்க்கலாம்.

இடம் தேர்வதில் ஒரு சின்னச் சூட்சுமம் இருக்கிறது. நிலாவெளி, குச்சவெளிக் கரையில் கிழக்கும் வடக்கும் இருட்டாக இருக்கும், ஆனால் தெற்கே நகரத்து வெளிச்சம். ஓரியனுக்கு அது பரவாயில்லை. கரினாவுக்கு மூதூர், சம்பூர்ப் பக்கம் போனால் நகர வெளிச்சம் உங்கள் முதுகுக்குப் பின்னால் வடக்கே போய்விடும். இன்னொன்று, போயா லீவு வருகிறதே என்று அன்றைக்கு வாகனம் பிடிக்காதீர்கள். லீவு வருவதே முழு நிலவுக்காக. அன்றைய வானத்தில் நெபுலா தேடுவது வீண் வேலை. அமாவாசையை ஒட்டிய நாட்களைப் பாருங்கள்.

கடற்கரையில் அரை மணி நேரம் நின்றால் பைனாகுலர் கண்ணாடியில் ஓர் ஒட்டுப்படலம் பிடிக்கும். நட்சத்திரம் ஒவ்வொன்றையும் சுற்றி மெல்லிய வளையம் தெரிந்தால் அதுதான் காரணம். சட்டை நுனியால் துடைத்துவிடாதீர்கள். அது உப்பு, மேற்பூச்சைக் கீறிவிடும். வீட்டுக்கு வந்து காய்ச்சி வடித்த நீரில் நனைத்த மென்துணியால் ஒற்றி எடுத்தபின் துடையுங்கள்.

படங்களில் உள்ள சிவப்பைத் தேடி ஏமாறவும் வேண்டாம். அந்தச் சிவப்பு 656.3 நனோமீற்றரில் ஐதரசன் விடும் ஒளி. இரவில் நமது கண்ணுக்கு அந்த நிறத்தில் உணர்ச்சி குறைவு. கண்ணுக்குச் சாம்பல் கலந்த பச்சையாகத்தான் தெரியும். போன் கமராவை முக்காலியில் வைத்துச் சில செக்கன் திறந்து வைத்தால் இளஞ்சிவப்பு எட்டிப்பார்க்கும்.

படி 3: "தூண்டுதல்" என்றால் எது என்று பிரித்துக்கொள்ளுங்கள்

இரண்டு வழி பேசப்படுகிறது. இரண்டையும் குழப்பினால் பின்னால் எந்தக் கணக்கும் சரிவராது.

ஒன்று, கூட்டிக் குவித்தல். முற்றம் கூட்டும்போது விளக்குமாற்றுக்கு முன்னால் சருகு சேர்வதுபோல, வீங்கும் குமிழி வெளியிலுள்ள வாயுவை ஓட்டில் சேர்த்துக்கொண்டே போகிறது. ஓடு போதுமான அளவு கனத்ததும் தன் ஈர்ப்பிலேயே துண்டு துண்டாக உடைந்து ஒவ்வொன்றும் சுருங்கும். 1977இல் புரூஸ் எல்மெக்ரீனும் சார்ள்ஸ் லாடாவும் இதை முறையாக எழுதினார்கள். இதில் பெரிய துண்டுகள் கிடைக்கும், ஆகவே பெரிய நட்சத்திரமும் பிறக்கலாம். அது தன் பங்குக்கு இன்னொரு குமிழி ஊதும். சங்கிலிபோல் தொடரக்கூடியது. குறை என்னவென்றால், குவிவதற்கு நேரம் வேண்டும்.

மற்றது, கதிரால் நெரித்தல். முகிலில் ஏற்கெனவே ஒரு கட்டி இருக்கிறது. குமிழியின் எல்லை அதை வந்து அடைகிறது. கட்டியின் முகப்பு ஆவியாகிச் சீறும்போது, எதிர்விசையால் கட்டி உள்நோக்கி நெரிகிறது. சுருங்கலாமா வேண்டாமா என்று நின்ற கட்டி சுருங்கத் தொடங்கிவிடும். இது விரைவாக நடக்கும், பிறப்பவை பெரும்பாலும் சிறியவை. நட்சத்திரத்தைப் பார்த்த பக்கம் பிரகாசமான விளிம்போடு இப்படி நிற்கும் முகில்களை சுகிதானி, ஃபுகுய், ஒகுரா என்ற ஜப்பானியர் 1991இல் பட்டியலிட்டார்கள். தென்வானப் பட்டியல் 1994இல் வந்தது. இரண்டும் சேர்த்து 89 முகில்.

முற்றக் கூட்டலுக்கே வந்தால் அடிப்படைக் கேள்வி இதுதான்: இந்தச் சருகு விளக்குமாறு கொண்டு வந்ததா, அல்லது முன்னமே மூலையில் கிடந்ததா?

படி 4: ஒரு குமிழியைத் திறந்து வையுங்கள்

பழகுவதற்கு ஆர்சிடபிள்யூ 120 என்ற குமிழியைப்போல நல்லது வேறில்லை. கிட்டத்தட்ட முழு வட்டம், நடுவில் ஒரே ஒரு முக்கிய நட்சத்திரம், குழப்பம் குறைவு. வானத்தில் இது விருச்சிகத்தின் வாலில், மூலம் நட்சத்திரத்துக்கு மேற்கே, கையை நீட்டிப் பிடித்தால் இரண்டு மூன்று விரல் தள்ளி இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, இடத்தை மட்டும் காட்டலாம்.

போனில் அலாடின் லைட் என்ற இலவச வானப்படத் தளத்தைத் திறந்து, தேடல் பெட்டியில் அந்தப் பெயரை ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். முதலில் வருவது சாதாரண ஒளிப்படம். நட்சத்திரக் கூட்டத்துக்கு நடுவே சிவந்த ஒரு மங்கல், அவ்வளவுதான். அப்புறம் படத்தொகுதியை மாற்றி ஸ்பிட்சர் தொலைநோக்கியின் அகச்சிவப்பு வண்ணப்படத்தைப் போடுங்கள். இப்போது வளையம் பளிச்சென்று வரும். அதில் சிவப்பாகக் காட்டப்படுவது 8 மைக்ரோன் ஒளி. காபன் வளைய மூலக்கூறுகள் குமிழியின் உள்ளே தாக்குப்பிடிக்காமல் அழிந்து, ஓரத்தில் மட்டும் புறஊதாக் கதிரில் குளித்து ஒளிர்வதால் இப்படி வளையமாகத் தெரிகிறது. ஓடு எங்கே தொடங்குகிறது என்று காட்டும் கோடு என்று இதை எடுத்துக்கொள்ளலாம்.

படத்தைப் பெரிதாக்கித் தென்மேற்கு ஓரத்துக்கு வாருங்கள். வலப்பக்கம் கீழே. வளையம் அங்கே தடித்துக் கட்டியாக இருக்கும். ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் ஹெர்ஷல் தொலைநோக்கி 2010இல் இந்த வளையத்தின் ஓரத்தில் ஒரு கரு நட்சத்திரத்தைக் கண்டது. அப்போதே அதற்குச் சூரியனைப்போல் 8 முதல் 10 மடங்கு நிறை. சுற்றிலும் தின்பதற்கு 2,000 சூரிய நிறை அளவு வாயு. தூண்டப்பட்ட பிறப்புக்கு உதாரணம் கேட்டால் வானியலாளர்கள் இன்றும் இதைக் காட்டுவதற்குக் காரணம் அதுதான்.

படி 5: குமிழியின் வயதைக் கணக்கிடுங்கள்

இந்தப் படியை யாரும் தவிர்க்கக்கூடாது.

வளையத்தின் குறுக்களவை அளந்தால் ஏறத்தாழ 7.5 ஆர்க்மினிட், அதாவது ஒரு பாகையில் எட்டில் ஒரு பங்கு, வரும். தூரத்துக்குப் பழைய கணிப்பு 4,300 ஒளியாண்டு. தூரத்தைப் பாகையால் பெருக்கி 57.3ஆல் வகுத்தால் உண்மையான அகலம்:

4,300 × 0.125 ÷ 57.3 = 9.4 ஒளியாண்டு. ஆரை 4.7.

இனி வேகம். போயிங் 747 விமானத்தில் பொருத்திப் பறந்த சோஃபியா தொலைநோக்கி, அயனாக்கப்பட்ட காபன் விடும் 158 மைக்ரோன் ஒளியை அளந்தது. ஓடு செக்கனுக்கு 15 கிலோமீற்றரில் விரிகிறது என்று 2021இல் முடிவு வந்தது. ஒளியின் வேகம் 3 இலட்சம் கிலோமீற்றர். 15 என்பது அதில் 20,000இல் ஒரு பங்கு. ஆகவே ஓடு ஓர் ஒளியாண்டு நகர 20,000 ஆண்டு எடுக்கும்.

4.7 × 20,000 = 94,000 ஆண்டு.

தொடக்கத்தில் இன்னும் வேகமாக விரிந்திருக்கும் என்பதால் உண்மை வயது இதைவிடக் குறைவாகவும் இருக்கலாம். புதிய தூரக் கணிப்புகள் 4,300ஐவிடக் கூடுதலாக வருகின்றன. அதைப் போட்டால் கணக்கு ஒரு இலட்சத்தைத் தாண்டும். ஆய்வாளர்கள் சொன்ன மேல் எல்லை 1,50,000 ஆண்டு. உயர்தரக் கணிதத்திலேயே அவர்கள் பக்கத்தில் போய்விட்டோம்.

இவ்வளவு வேகத்துக்குச் சூடான வாயுவின் அமுக்கம் மட்டும் காணாது. நட்சத்திரக் காற்றும், அதாவது நட்சத்திரம் வெளியே வீசும் துணிக்கை ஓட்டமும், சேர்ந்துதான் தள்ளுகிறது என்பதும் அந்த ஆய்வின் முடிவு. ஆகவே "அயனாக்கமே எல்லாம் செய்தது" என்று எழுதும்போது கையைக் கொஞ்சம் இழுத்துப் பிடியுங்கள்.

படி 6: ஓரத்துப் பிள்ளைகளின் வயதைப் பாருங்கள்

இளம் நட்சத்திரங்களை அவை எவ்வளவு தூசியால் மூடப்பட்டிருக்கின்றன என்று பார்த்து வகுப்புப் பிரிக்கிறார்கள். வகுப்பு 0 என்றால் இன்னும் கருவறைக்குள். இந்த நிலை 1 முதல் 2 இலட்சம் ஆண்டு நீடிக்கும். வகுப்பு 1இல் மூடாக்கு கலையத் தொடங்கும்; இரண்டு நிலையும் சேர்த்து ஏறத்தாழ 5 இலட்சம் ஆண்டு. வகுப்பு 2இல் உறை போய், நட்சத்திரத்தைச் சுற்றும் வாயு, தூசித் தட்டு மட்டும் மிஞ்சும். இங்கே வயது 20 இலட்சம் ஆண்டு அளவில். எல்லாம் சராசரிதான், தனி ஒரு நட்சத்திரத்துக்குப் பிறப்புச் சான்றிதழ் அல்ல.

இப்போது இரண்டு எண்ணையும் பக்கத்தில் வையுங்கள். குமிழிக்கு ஒரு இலட்சம் சொச்சம். வளையத்தில் வகுப்பு 2 நட்சத்திரம் ஒன்று நின்றால், அது பிறந்தபோது குமிழியே இல்லை. தாய்க்கு முந்திப் பிள்ளை பிறக்குமா? அதைப் பட்டியலில் இருந்து வெட்டிவிடுங்கள். வகுப்பு 1 ஐயத்துக்கு உரியது. வகுப்பு 0 மட்டும்தான் தாராளமாகப் பொருந்தும்.

வாயு சுருங்க எடுக்கும் நேரத்தையும் சரிபாருங்கள். ஒரு கன சென்டிமீற்றருக்கு 10,000 மூலக்கூறு உள்ள முகில் தன் எடையில் விழுந்து சுருங்கக் குறைந்தது 3 இலட்சம் ஆண்டு வேண்டும். ஆர்சிடபிள்யூ 120க்கு அவ்வளவு காலம் இல்லை. 10 இலட்சம் மூலக்கூறு உள்ள கட்டிக்கு 30,000 ஆண்டு போதும். ஆகவே இங்கே ஏதாவது தூண்டப்பட்டிருந்தால், அது முன்னமே அடர்த்தியாக இருந்த கட்டியாகத்தான் இருக்கமுடியும். கூட்டிக் குவித்தலுக்கு முன்னுதாரணம் என்று பல காலம் காட்டப்பட்ட இடம், வயது தெரிந்தபின் நெரித்தலின் பக்கம் சாய்கிறது. தென்மேற்குக் கட்டிக்கு என் தீர்ப்பு "பெரும்பாலும் ஆம்". வளையத்தின் மற்றப் பிள்ளைகளுக்கு அதே தீர்ப்பை எழுத நான் தயாரில்லை.

படி 7: "எப்படியும் பிறந்திருக்குமா?" என்று கேளுங்கள்

நேரம் பொருந்தினால் மட்டும் வழக்கு முடியாது. அந்தக் கட்டி குமிழி வராவிட்டாலும் சுருங்கியிருக்கலாம். உண்மையான முகிலில் இதைச் சோதிக்க வழியில்லை, நட்சத்திரத்தை அணைத்துவிட்டு மறுபடி ஓட்டிப் பார்க்கமுடியாது. கணினியில் முடியும். ஜேம்ஸ் டேலும் கூட்டாளிகளும் 2015இல் அதைத்தான் செய்தார்கள்: ஒரே முகிலைக் கதிரோடு ஒருமுறை, கதிர் இல்லாமல் ஒருமுறை ஓட்டி, எந்த நட்சத்திரம் உண்மையில் தூண்டப்பட்டது என்று பிரித்தார்கள். ஓட்டின் மேலோ, தூண்போல் நீண்டு நிற்கும் வாயுவின் நுனியிலோ நிற்பதை மட்டும் வைத்துத் தூண்டப்பட்டதை அடையாளம் காணமுடியாது என்று தெரிந்தது. ஓரத்தில் நிற்பவற்றில் கணிசமானவை தாமாகவே பிறந்து, பின்னால் குமிழி வந்து தொட்டவை. அதுமட்டுமல்ல, கதிர் வாயுவைக் கலைத்து விரட்டவும் செய்கிறது. ஓரிடத்தில் பிறப்பைத் தூண்டினாலும் முகிலின் மொத்தக் கணக்கில் குறைத்துவிடலாம். இதைச் சொல்லாமல் விடுகிற கட்டுரைகளை நான் பாதியில் மூடிவிடுவேன்.

தனி ஒரு குமிழியில் நிரூபிக்கமுடியாததைக் கூட்டமாக எடுத்துப் பார்க்கலாம். ஸ்பிட்சர் படங்களில் 35,000க்கு மேற்பட்ட பொதுமக்கள் இணையத்தில் உட்கார்ந்து குமிழி குறித்துக்கொடுக்க, 2012இல் 5,106 குமிழிகளின் பட்டியல் வந்தது. அந்தக் குமிழிகளின் ஓரத்தில் இளம் பெருநட்சத்திரங்கள் தற்செயலுக்கு மேலாகக் கூடியிருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்தார்கள். ஆம் என்று வந்தது; சுமார் 22 சதவீதம் இப்படிப் பிறந்திருக்கலாம். வேறொரு குழு வேறு பட்டியலை வைத்து அதே ஆண்டில் 14 முதல் 30 சதவீதம் என்றது. இரண்டும் "இருக்கலாம்" என்ற சொல்லோடுதான் வருகின்றன.

படி 8: அடுத்து, தூண்கள்

கழுகு நெபுலாவின் தூண்களை ஹபிள் 1995இல் எடுத்த படம் எல்லார் வீட்டுக் காலண்டரிலும் ஏறிவிட்டது. தூண் நுனிகளில் முளைத்த சின்னச் சின்ன வாயு உருண்டைகள் எல்லாம் நட்சத்திர முட்டைகள் என்று அப்போது பேசப்பட்டது. 2002இல் சிலியிலுள்ள பெரிய தொலைநோக்கியால் அகச்சிவப்பில் உள்ளே பார்த்தபோது, 73 உருண்டையில் 11இல்தான் இளம் நட்சத்திரம் இருந்ததற்கான அறிகுறி கிடைத்தது. தூண்களுக்கு மொத்தம் ஏறத்தாழ 200 சூரிய நிறை. பத்து இலட்சம் ஆண்டுக்கு 70 சூரிய நிறை வீதம் ஆவியாகின்றன. அப்படியென்றால் மிஞ்சிய ஆயுள் சுமார் 30 இலட்சம் ஆண்டு. மேலே சொன்ன படிகளை இங்கேயும் போட்டுப் பாருங்கள், நெரித்தல் வழிக்கு நல்ல பயிற்சி.

அது முடிந்தால் மிருகசீரிடத்துக்கு வாருங்கள். ஜாதகத்தில் எழுதுகிறோமே அதே நட்சத்திரம்தான், ஓரியனின் தலை. அது ஒரு ஓ வகை நட்சத்திரம். அதைச் சுற்றியுள்ள அயனாக்க வாயு முழு நிலவைப்போல் பத்து மடங்குக்கு மேல் அகலம். அலாடினில் ஐராஸ் தொலைநோக்கியின் 100 மைக்ரோன் படத்தைப் போட்டால் தூசி வளையம் முழுதாகத் தெரியும். வளையத்தின் மேல் பார்னார்ட் 30, பார்னார்ட் 35 என்ற இரண்டு முகில்களையும் தேடிப் பிடியுங்கள். இங்கே கணக்கைச் சிக்கலாக்கும் சங்கதி ஒன்று உண்டு. சுமார் பத்து இலட்சம் ஆண்டுக்கு முன் நடுவில் ஒரு நட்சத்திரம் வெடித்ததுதான் இந்த வளையத்தை உண்டாக்கியது என்று ஒரு கருத்து இருக்கிறது. ஆகவே கடிகாரத்தை அயனாக்கத்தில் இருந்து ஓடவிடுவதா, வெடிப்பில் இருந்து ஓடவிடுவதா என்பதை முதலில் தீர்மானிக்கவேண்டும். கொப்பியில் இரண்டு நிரல் போட்டு, இரண்டு தொடக்கத்துக்கும் தனித்தனியாக 5ஆம், 6ஆம் படிகளைச் செய்யுங்கள். எந்த நிரலில் எந்தப் பிள்ளை வெட்டுப்படுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.